ஐந்து மாதம் சுமந்த பொய்

அத்தியாயம் 14

தினமும் விடிந்ததும் வால்டின் தன் தம்பி வீட்டுக்கு மீன் கொண்டுபோவான். படிக்கட்டின் முதல் படியில் வைப்பான். மேலே ஏற மாட்டான். "பிரிசிலா, மீன்!" என்று ஒரு குரல் கொடுப்பான். தம்பி மனைவி இறங்கி வருவதற்குள் தென்னைகளுக்குள் புகுந்து மறைந்துவிடுவான்.

ஐந்து மாதமாக இதேதான். ஊர் பார்த்து மெச்சியது. இவனல்லவா அண்ணன் என்றது.

அந்த மெச்சுதல்தான் வால்டினுக்குத் தாங்கவில்லை.

மேலே, ஜன்னலோரக் கட்டிலில் அவன் தம்பி எக்லன் கிடந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இந்தக் கரையில் வீடுகளெல்லாம் மரக்கால்களின் மேல் நிற்பவை. எக்லன் வீட்டுக்கு ஒன்பது படி. கடலிலிருந்து தூக்கிவந்து மேலே கிடத்திய பிறகு அந்த ஒன்பது படியை அவன் ஒருமுறைகூட இறங்கவில்லை.

கடலில் நடந்தது ஊருக்குத் தெரியும். அதாவது, வால்டின் சொன்ன வரைக்கும் தெரியும்.

தீவுத்திட்டுகளுக்கு அப்பால் சிங்கி இறால் பிடிக்கப் பெரிய படகில் போயிருந்தார்கள். எக்லன் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு நூற்றிருபது அடி ஆழத்துக்கு இறங்குவான். வால்டின் மேலே சின்னத் தோணியில் இருந்துகொண்டு தம்பியின் மூச்சுக் குமிழிகளைப் பார்த்துப் பார்த்துத் துடுப்பு போடுவான். சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கருவியெல்லாம் அவர்களிடம் கிடையாது. அண்ணன்தான் கடிகாரம். நேரமானதும் காலி சிலிண்டர் ஒன்றைத் தண்ணீரில் பாதி அமிழ்த்தி, இரும்புக் கம்பியால் மூன்று தட்டுத் தட்டுவான். அந்தச் சத்தம் கேட்டதும் தம்பி மெல்ல மெல்ல, நின்று நின்று, மேலே வருவான்.

அன்று தட்டுச் சத்தம் கேட்கவில்லை. அடியிலேயே காற்று தீர்ந்தது. எக்லன் ஒரே மூச்சில் மேலே பாய்ந்தான். அந்த ஆழத்திலிருந்து அப்படிப் பாய்ந்தால் ரத்தத்தில் குமிழி கட்டிக்கொள்ளும். கால் இரண்டும் போயின.

"நான் தட்டினேன்," என்று வால்டின் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எல்லாரிடமும் சொன்னான். "நீரோட்டம் தோணியை இழுத்துட்டுப் போயிடுச்சு. சத்தம் அவனுக்கு எட்டலை."

எல்லாரும் தலையாட்டினார்கள். சபையில் அவனுக்காகவும் ஜெபம் பண்ணினார்கள்.

அதற்குப் பிறகு வால்டின் கோயிலுக்குள் போகவில்லை.

-

அன்று ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. புல் செதுக்கி, அவரவர் வீட்டுக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிற நாள். மறுநாள் விடியலில் சபை மொத்தமும் அங்கே கூடும். சூரியன் கடலிலிருந்து ஏறும் நேரத்தில் பாடும். எட்டு வருஷமாக அந்தப் பாட்டை எடுத்துக்கொடுத்தவன் வால்டின்.

அவன் மட்டும் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே கட்டிய வலை ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான். மேலே அவன் மனைவி நெல்பா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பலகை இடுக்கு வழியாக அந்தச் சத்தம் கரகரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

பாஸ்டர் ஹெர்மா வந்தார். அறுபது வயது. ரப்பர் பூட்ஸ், ஓலைத்தொப்பி, கன்னத்தில் ஒரு கோடு சுண்ணாம்பு.

"வால்டின், தொண்டை எப்படி இருக்கு?"

"இன்னும் சரியாகலை பாஸ்டரம்மா."

"அஞ்சு மாசமா தொண்டை கட்டின மனுஷனை நான் இப்பத்தான் பார்க்கிறேன். காலையில 'பிரிசிலா, மீன்'னு நீ கத்தினது என் அடுப்படி வரைக்கும் கேட்டுச்சே!"

மேலே நெல்பா சிரிக்கிற சத்தம் வந்தது.

"நாளைக்கு நீதான் பாட்டு எடுத்துக் கொடுக்கணும்," என்றார் ஹெர்மா. "போன மாசம் டிமாஸ் எடுத்துக் கொடுத்தான். ஆம்பளைங்க ஒரு பக்கம் போனாங்க, பொம்பளைங்க ஒரு பக்கம் போனாங்க, ஆர்மோனியம் தனியா வீட்டுக்குப் போயிடுச்சு."

"வேணாம் பாஸ்டரம்மா. அந்த இடத்துல நிக்கிற தகுதி எனக்கு இல்லை."

"தகுதி இருக்கிறவங்க மட்டும்தான் வரணும்னா, நாளைக்குக் கல்லறையில செத்தவங்க மட்டும்தான் இருப்பாங்க."

வால்டின் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹெர்மா அவன் முகத்தைக் கவனித்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு," என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். ஐந்து மாதமாக நெஞ்சில் அடைத்து நின்றது அந்த ஒரு வார்த்தைக்கு உடைந்தது.

"நான் தட்டலை பாஸ்டரம்மா."

மேலே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

வால்டினுக்கு அது கேட்டது. ஆனால் இனிமேல் நிறுத்த முடியவில்லை.

"அதுக்கு மொத நாள் பெரிய படகுல சமையல்காரனுக்குப் பிறந்தநாள். குவாரோ சாராய பாட்டில் சுத்தி வந்துச்சு. நான் தொடலை. எட்டு வருஷமாச்சு, தொடலை. ஆனா எல்லாரும் படுத்தப்புறம் பாதி பாட்டில் அப்படியே நின்னுச்சு. எடுத்துத் தோணிக்குள்ள வெச்சேன். குடிக்கணும்னு வெக்கலை. சும்மா வெச்சேன். மறுநாள் பத்து மணி இருக்கும். தலைக்கு மேல வெயில். அவன் கீழ போயிருந்தான். ஒரு மடக்கு குடிச்சேன். அப்புறம் ஒண்ணு. அப்புறம் தெரியலை. தூங்கிட்டேன்."

ஹெர்மா வாளியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவன் கத்தினதுலதான் முழிச்சேன். தண்ணிக்கு மேல தலை மட்டும் தெரிஞ்சுது. தோணியைத் திருப்பிக்கிட்டுப் போனேன். பக்கத்துல போனதும்..." வால்டின் ஊஞ்சல் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "பாட்டிலைக் கடல்ல போட்டுட்டுத்தான் பாஸ்டரம்மா அவனைத் தூக்கினேன். மொதல்ல பாட்டில். அப்புறம்தான் என் தம்பி."

ஹெர்மா கண்ணை மூடிக்கொண்டார். ஜெபமா கோபமா என்று வால்டினுக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறந்ததும் கேட்டார்.

"அதுக்கப்புறம் குடிச்சியா?"

"ஒரு சொட்டு இல்லை."

"ஜெபம்?"

"வாயைத் திறந்தாலே பொய்தான் வருது. ஆண்டவர்கிட்டயும் நீரோட்டம்னு சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு."

"அவர்கிட்ட நீரோட்டத்தைப் பத்தி நீ சொல்லித்தான் தெரியணுமா?" ஹெர்மாவின் குரலில் கடுமை இருந்தது, ஆனால் எழுந்து போகவில்லை. "சபையில சொன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"பின் பெஞ்ச்."

"ஆறு மாசம் ஆகலாம். ஒரு வருஷமும் ஆகலாம். திருவிருந்து கிடையாது. பாட்டு கிடையாது. உள்ளே வர்ற ஒவ்வொருத்தரும் உன்னைத் தாண்டித்தான் போவாங்க."

"எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க."

"பார்ப்பாங்க. என்னையும் பார்த்தாங்க."

வால்டின் நிமிர்ந்தான்.

"எனக்கு இருபத்திநாலு வயசு. எதுக்குன்னு கேக்காதே, நான் சொல்ல மாட்டேன். ஏழு மாசம் அந்த பெஞ்சுல உக்காந்தேன். மொத மாசம் செத்துடலாம்னு இருந்துச்சு. ரெண்டாவது மாசம் சுத்திமுத்திப் பார்த்தேன். பின் பெஞ்சும் கோயிலுக்குள்ளதான் இருக்கு வால்டின். வெளியில இல்லை. அங்கேயும் அதே கூரைதான். அங்கே உக்காந்து பேசினாலும் அவருக்குக் கேக்கும்."

வால்டின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"வேதத்துல பாரு, ஆண்டவரைத் தெரியவே தெரியாதுன்னு மூணு தரம் சொன்ன சிநேகிதனுக்கு அவர் கரையில மீன் சுட்டு வெச்சுக்கிட்டுக் காத்திருந்தார். வந்ததும் கேள்வி கேக்கலை. மொதல்ல சாப்பிட வான்னார். அப்பேர்ப்பட்டவர்கிட்ட போகத்தான் உனக்குப் பயம்." ஹெர்மா எழுந்தார். தொப்பியை மாட்டினார். "ஆனா ஒண்ணு. ஆண்டவர் மன்னிப்பார்னு நான் தைரியமா சொல்லுவேன். எக்லன் மன்னிப்பான்னு என்னால சொல்ல முடியாது. அது அவன் கையில இருக்கு. அதுக்கு நீ அந்தப் படி ஏறணும்."

"நீங்களும் கூட வர்றீங்களா?"

"கரைச்சு வெச்ச சுண்ணாம்பு காயுது," என்று சொல்லிவிட்டு ஹெர்மா நடந்தார். நாலடி போய் நின்று, திரும்பாமலே, "நான் வந்தா நீ என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவே. அவன் முகத்தைப் பார்த்துப் பேசு," என்றார்.

-

நெல்பா இறங்கி வந்தாள். விரலெல்லாம் தேங்காய்த் துருவல். அதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

"நெல்பா..."

"கிட்ட வராதே."

பதினாறு வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்று சொன்னதில்லை. அவன் குடித்துத் திரிந்த காலத்தில்கூட இல்லை.

"எட்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் புருஷனை ஆண்டவர் மாத்திட்டார்னு. அது போகட்டும். விழுந்துட்டே. மனுஷன்தான். ஆனா பிரிசிலா தினமும் வந்து என் தோள்ல சாஞ்சு அழறாளே, அவளுக்கு நான் என்ன ஆறுதல் சொன்னேன் தெரியுமா? 'கடல் செஞ்சதுக்கு யாரைக் குத்தம் சொல்றது'ன்னு சொன்னேன். உன் பொய்யை நான் கையில ஏந்திக்கிட்டுப் போய் அவளுக்கு ஊட்டியிருக்கேன்!"

வால்டின் ஒரு அடி பின்வாங்கினான்.

"போ. போய்ச் சொல்லு. சொல்லாம இந்தப் படியில காலை வெக்காதே."

அவள் மேலே ஏறிப் போனாள். கதவைச் சாத்தவில்லை. அந்தத் திறந்த கதவைப் பார்த்தபடி வால்டின் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தம்பி வீட்டுப் பக்கம் நடந்தான்.

கையில் மீன் இல்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கால்சட்டைப் பையில் விட்டான், எடுத்தான். வழியில் இரண்டு பேர் "பாட்டுக்காரரே!" என்று கூப்பிட்டார்கள். காதில் விழாதவன்போல் போனான்.

முதல் படி. இரண்டாவது படி. நாலாவது படியில் கால் நின்றுவிட்டது. திரும்பிவிடலாம். ஈஸ்டர் முடியட்டும், திங்கட்கிழமை வரலாம். யாருக்கும் தெரியாது. இல்லை, இப்போது இரண்டு பேருக்குத் தெரியும்.

"யாரது, படியில?" மேலேயிருந்து எக்லன் குரல்.

"நான்தான்."

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "மீன் இல்லாம வந்திருக்கே? வழி மாறிட்டியா அண்ணே?"

வால்டின் ஏறினான்.

எக்லன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான். தோள்கள் முன்னைவிடப் பெருத்திருந்தன. போர்வைக்கு அடியில் கால்கள் இரண்டு குச்சிகள்போல் கிடந்தன. உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அதைப் பிடித்துத்தான் அவன் புரள்வான், எழுந்து உட்காருவான். அந்தக் கயிற்றை வால்டின் இதற்கு முன் பார்த்ததில்லை.

"பிரிசிலா எங்கே?"

"அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போயிருக்கா. மூத்த மகன் செய்ய வேண்டிய வேலை. உக்காரு."

வால்டின் உட்காரவில்லை.

"எக்லன், அன்னிக்குக் கடல்ல..."

வலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ஊசி நின்றது.

"அன்னிக்கு என்ன?"

"நான் தட்டலை."

சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். சமையல்காரன், பாதி பாட்டில், வெயில், தூக்கம். ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்ன பொய். பாட்டிலை முதலில் கடலில் போட்டதையும் சொன்னான்.

எக்லன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"பாட்டிலை மொதல்ல போட்டது எனக்குத் தெரியாது," என்றான் எக்லன். "மத்ததெல்லாம் தெரியும்."

வால்டின் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்னைத் தோணிக்குள்ள இழுத்தப்போ உன் வாய் என் மூக்குக்கு நேரா இருந்துச்சு. எக்லன், எக்லன்னு கத்தினே. ஒவ்வொரு கத்தலுக்கும் குவாரோ வாடை அடிச்சுது."

"ஏண்டா நீ சொல்லலை?"

"நானா சொல்லணும்?" எக்லன் இப்போதுதான் திரும்பினான். "நீரோட்டம்னு நீ சொன்னப்போ, பயத்துல சொல்றான், நாளைக்கு மாத்திச் சொல்லுவான்னு நெனச்சேன். ஒரு வாரம் பார்த்தேன். ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம், இதையும் கேட்டுக்கோ, எனக்கு அது பிடிச்சுப் போச்சு. தினமும் காலையில மீனை வெச்சுட்டு நீ ஓடுவே பாரு, இந்த ஜன்னல் வழியா பார்ப்பேன். ஓடு, நல்லா ஓடு, எத்தனை நாள் ஓடுறேன்னு பார்க்கிறேன்னு நெனப்பேன். அதைப் பார்த்தாத்தான் எனக்குக் காப்பி இறங்கும். ஜெபம் பண்ணின அதே வாயால அதையும் சொல்லியிருக்கேன். நீ ஒருத்தன் மட்டும் பாவின்னு நெனச்சுக்காதே."

"என்னை அடிடா. எதையாவது எடுத்து அடி."

எக்லன் கையிலிருந்த மர ஊசியை வீசினான். வால்டின் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்து உருண்டது.

"அடிச்சாச்சு. போதுமா? என் கால் வந்துடுச்சா?"

எக்லனின் உதடு கோணியது. அழக்கூடாது என்று அவன் பல்லைக் கடிப்பது தெரிந்தது. முடியவில்லை.

"பிரிசிலா என்னைக் குழந்தையைக் கழுவுற மாதிரி கழுவுறா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மேல வந்து அவளுக்கு ஒரு கை பிடிச்சிருக்கியா? உன்கிட்ட நான் மீனா கேட்டேன்? அஞ்சு மாசமா இந்த ஜன்னல்ல உக்காந்து அண்ணனைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன்."

வால்டின் தரையில் சரிந்து, கட்டில் காலில் தலையை வைத்துக்கொண்டு விம்மினான்.

"அன்னிக்கே நான் செத்திருக்கணும். நான் மனுஷனே இல்லை. எனக்கு இனிமே எதுவும் இல்லை எக்லன், எதுவும்..."

"எந்திரி."

வால்டின் அசையவில்லை.

"எந்திரிடா!"

எக்லன் அண்ணனை 'டா' போட்டதே இல்லை. வால்டின் நிமிர்ந்து பார்த்தான். தம்பியின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"என் முன்னாடி விழுந்து கிடக்காதே. எனக்குப் பொறுக்கலை. இந்த வீட்டுல விழுந்து கிடக்கிறதுக்கு நான் இருக்கேன். நம்ம ரெண்டு பேர்ல எந்திரிக்க முடிஞ்சவன் நீ ஒருத்தன்தான். ஆண்டவர் உனக்குக் காலை விட்டு வெச்சிருக்கார். நீயும் கிடந்துட்டா அப்புறம் யாரு நிக்கிறது?"

வால்டின் தொங்குகிற கயிற்றைப் பிடித்தான். மெல்ல எழுந்தான். நின்றான்.

எக்லன் போர்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மன்னிச்சுட்டியாடா?" என்று கேட்டான் வால்டின்.

"தெரியலை. நேத்து கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன். இன்னிக்குத் தெரியலைன்னு சொல்றேன். இதுக்கே எத்தனை ஜெபம் ஆச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்." மூக்கை உறிஞ்சினான். "ஊசியை எடு. கட்டிலுக்கு அடியில போயிருக்கு."

வால்டின் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தான்.

"நாளைக்கு விடியல்ல நான் அப்பா கல்லறைக்கு வரணும்," என்றான் எக்லன். "நீ தூக்கிட்டுப் போகணும். டிமாஸ் வர்றேன்னான், இன்னும் மூணு பேர் வர்றேன்னாங்க. வேணாம்னுட்டேன்."

"தூக்குறேன்."

"இப்பவே சொல்லிட்டேன், என் கனம் குறையலை. கால்தான் இளைச்சிருக்கு."

"தூக்குறேன்டா."

"பாடாதே. பின் பெஞ்சுல உக்கார வேண்டியவன் பாட்டு எடுத்துக் கொடுக்கக் கூடாது. ஆனா என்னைத் தூக்கிக்கிட்டு சபை முன்னாடி நில்லு. நின்னு உன் வாயால சொல்லு. என் எடை உன் முதுகுல இருக்கிறப்போ சொல்லு."

வால்டின் தலையாட்டினான்.

"அதுக்கு முன்னாடி பிரிசிலாகிட்ட சொல்லிடு. இப்பவே போ. நான் சொல்ல மாட்டேன். சொன்னா உன்னைக் காப்பாத்துற மாதிரிச் சொல்லிடுவேன்."

-

கல்லறைத் தோட்டத்தில் வெயில் சுட்டது. புதுச் சுண்ணாம்பின் வெள்ளை கண்ணைக் கூச வைத்தது. பெண்கள் மர நிழலில் உட்கார்ந்து ரொட்டி பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு கிழவர் தன் மனைவியின் கல்லறைமேல் ஏறி உட்கார்ந்து சிலுவைக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

பிரிசிலா மாமனார் கல்லறையின் தலைமாட்டில் முழங்காலிட்டிருந்தாள். முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு. வால்டினைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அத்தான்! வந்துட்டீங்களா? தொண்டை சரியாயிடுச்சா? நாளைக்கு நீங்கதானே பாடுறீங்க? டிமாஸ் பாடினா உங்க தம்பி ஜன்னலைச் சாத்திக்குவேன்னு சொல்லிட்டாரு."

"பிரிசிலா, கொஞ்சம் அப்படி வர்றியா?"

வேலிக்கு அருகே, கடல் தெரிகிற இடத்துக்கு வந்தார்கள். அவள் பிரஷ்ஷைக் கையிலேயே வைத்திருந்தாள்.

மூன்றாவது தடவையாக அன்று வால்டின் அதைச் சொன்னான். முதல் தடவை வாய் தானாக உடைந்தது. இரண்டாவது தடவை அழுகையோடு வந்தது. இந்தத் தடவை அழ அவனுக்கு உரிமையில்லை என்று தோன்றியது. நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான். எதையும் விடவில்லை.

பிரிசிலா அழவில்லை. கத்தவில்லை. பிரஷ்ஷிலிருந்து சுண்ணாம்பு சொட்டுச் சொட்டாக அவள் பாதத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் பார்த்தது அதைத்தான்.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"இப்பத்தான் சொன்னீங்களா?"

வால்டின் வாயைத் திறந்தான்.

ஆமா என்று சொன்னால் போதும். அது முழுப் பொய்கூட இல்லை. சற்றுமுன்தானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறான்? ஆமா என்றால் கோபம் முழுக்கத் தன்மேல் விழும். எக்லனுக்கு ஒன்றும் ஆகாது. தம்பியைக் காப்பாற்றியதாகவும் ஆகும். அந்த 'ஆமா' நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, அன்று ஆஸ்பத்திரியில் நீரோட்டம் வந்ததைப்போல, அவ்வளவு சுலபமாக.

"இல்லை," என்றான். "நான் இப்பத்தான் சொன்னேன். ஆனா அவனுக்கு அன்னிக்கே தெரியும். என் வாயில வாடை அடிச்சிருக்கு."

பிரிசிலா நிமிர்ந்தாள். அதுவரை கல்போல் இருந்த முகம் அப்போதுதான் உடைந்தது.

"அன்னிக்கேவா?"

"ஆமா."

"ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு... ராவெல்லாம் அழுவாரு அத்தான். என்னங்கன்னு கேப்பேன். கால் வலிக்குதும்பாரு. உணர்வே இல்லாத கால் எப்படி வலிக்கும்னு நான் பைத்தியக்காரி மாதிரி எண்ணெய் தேய்ச்சுவிடுவேன்." அவள் குரல் உயர்ந்தது. நிழலில் இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க எனக்குப் பொய் சொன்னீங்க. சரி, நீங்க அத்தான். அவரு? அவருக்கு நான் யாரு?"

"என்மேல கோபப்படு பிரிசிலா. அவனை..."

"யார்மேல கோபப்படணும்னு நீங்க எனக்குச் சொல்லாதீங்க!"

பிரஷ்ஷைப் புல்லில் எறிந்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, கல்லறைகளுக்கு இடையே வேகமாக நடந்தாள். வாசலுக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் வீடு. வலது பக்கம் படகுத்துறை. மூன்று மணிக்குக் காயலைத் தாண்டி அவள் தாய்வீட்டு ஊருக்குப் படகு உண்டு.

பிரிசிலா ஒரு கணம் நின்றாள். பிறகு வலது பக்கம் திரும்பினாள்.

வால்டின் நின்ற இடத்திலேயே நின்றான். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். இறங்கவில்லை. ஒரு குடும்பத்தின் காலை எடுத்தது போதாதென்று, இப்போது அந்த வீட்டின் தூணையும் பிடுங்கிவிட்டோமோ என்று தோன்றியது. பேசாமல் அந்த ஒரு 'ஆமா'வைச் சொல்லியிருக்கலாமோ?

"என்ன சொன்னே அவகிட்ட?"

பாஸ்டர் ஹெர்மா பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"உண்மையை."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும். எக்லன் மறைச்சதையும் சேர்த்து."

ஹெர்மா வாசல் பக்கம் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"அப்ப இங்கே ஏன் நிக்கிறே?"

"நான் போய் என்ன பண்றது பாஸ்டரம்மா? என் முகத்தைப் பார்க்கவே அவ..."

"பார்க்க மாட்டா. திட்டுவா. துறையில நாலு பேர் முன்னாடி திட்டுவா. வாங்கிக்கோ. ஒரு தரம் மன்னிப்புக் கேட்டுட்டு மரத்தடியில போய் உக்காந்துக்கலாம்னு நெனச்சியா? எந்திரிக்கிறதுன்னா இதுதான் தம்பி. எந்திரிச்சப்புறம் நடக்கணும். போ."

வால்டின் வேலியைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. கல்லறைகளின் நடுவாகவே, ஊர் முழுக்க உட்கார்ந்திருந்த நிழலைக் கடந்து போனான். "என்ன ஆச்சு?" என்று ஒருத்தி கேட்டாள். "அண்ணன் தம்பிக்குள்ள ஏதோ..." என்று இன்னொருத்தி ஆரம்பித்தாள். தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

முதலில் நடந்தான். பாதையில் அவள் தலை தெரியவில்லை என்றதும் ஓடினான். எல்லாரும் பார்த்தார்கள்.

பார்க்கட்டும் என்று ஓடினான்.

துறைப் பக்கம் படகின் எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.